ஷோகேஸில் நின்ற ஒயின் பாட்டில்

ஒயின் பாட்டிலை நிற்க வைக்கக் கூடாது, படுக்க வைக்க வேண்டும். அப்போதுதான் கார்க் நனைந்தபடியே இருக்கும். அது காய்ந்தால் சுருங்கிவிடும், காற்று உள்ளே புகுந்து ஒயின் புளித்துப்போகும். வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, சும்மா சும்மா எடுத்து அசைப்பதும் ஆகாது. இதெல்லாம் ஆறாம் வகுப்பிலேயே எனக்கு மனப்பாடம். இன்றைக்கும் யாராவது ஒயின் பாட்டிலை ஜன்னலோரம் நிறுத்தி வைத்திருந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எல்லாம் என் அப்பாவால் வந்தது.

அப்பா அப்போதுதான் கட்டிங் மாஸ்டர் வேலையை விட்டுவிட்டு, எங்கள் வீட்டு மாடியில் சொந்தமாக பனியன் கம்பெனி ஆரம்பித்திருந்தார். முதல் ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையர் வீட்டுக்கே வந்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்த நான்தான் மொழிபெயர்ப்பாளர். கிளம்பும்போது அவர் ஒரு சிவப்பு ஒயின் பாட்டிலை அப்பாவிடம் கொடுத்து, தன் ஊர்த் திராட்சையில் செய்தது என்றும் அடுத்த முறை வரும்போது திறந்து குடிக்கலாம் என்றும் சொன்னார். எப்படி வைக்க வேண்டும் என்று எனக்கு ஒவ்வொன்றாக விளக்கினார். நீ பார்த்துக்கொள்வாயா என்று கேட்டுக் கை நீட்டினார். நானும் கை கொடுத்தேன். பெரிய மனிதர் ஒருவர் என்னை நம்பிக் கை குலுக்கியது அதுதான் முதல் தடவை.

அவருடைய கார் தெருமுனை திரும்புவதற்குள் அப்பா பாட்டிலை ஹால் ஷோகேஸில் வைத்துவிட்டார். நட்டமாக, செங்குத்தாக. மேலே டியூப் லைட், எதிரே மேற்கு வெயில் அடிக்கும் ஜன்னல். நான் குதித்தேன்.

"கண்ணாடிக்குள்ள பத்திரமாத்தான கண்ணு இருக்குது" என்றார் அப்பா.

என்ன அநியாயம் பாருங்கள். இதே அப்பா, மாடியில் யாராவது துணி ரோலைச் சுவரில் நட்டமாகச் சாத்திவிட்டால் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். ரோலைப் படுக்கத்தான் போட வேண்டும், வெயில் பட்டால் சாயம் வெளுத்து ஷேடு போய்விடும், கண்டபடி இழுக்கக் கூடாது. துணிக்கு ஒரு நியாயம், ஒயினுக்கு ஒரு நியாயமா?

அம்மா முதலில் என் பக்கம் என்றுதான் நினைத்தேன். குடிக்கிற சமாச்சாரம் வீட்டுக்குள் எதற்கு என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். ஆயுத பூஜையன்று அந்த நம்பிக்கையும் போனது. மெஷின்களுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்த அப்பா, அதே கையோடு பாட்டில் லேபிளிலும் ஒரு பொட்டு வைத்தார். அம்மா பக்தியோடு அதற்கும் சூடம் காட்டினாள். சூடு ஆகாது என்று நான் அலறியதை யாரும் சட்டை செய்யவில்லை.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. பாட்டிலை எடுத்துப்போய் மாடிப்படிக்குக் கீழே இருட்டில், துணி ரோல்களுக்கு நடுவில், முறைப்படி படுக்க வைத்தேன். ஒரு நாள்தான் அது நிம்மதியாகக் கிடந்தது. மறுநாள் சாயங்காலம் காலி ஷோகேஸைப் பார்த்து அப்பாவுக்கு வியர்த்துவிட்டது. அப்பா கடனுக்கு நூல் கேட்டிருந்த வியாபாரி வரும் நேரம் அது.

"பாட்டில எங்க அம்மணி வெச்சே? சொல்லு சாமி, அவரு வந்துருவாரு."

அதட்டியிருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன். கெஞ்சினார், கொடுத்துவிட்டேன். வேட்டி முனையால் துடைத்து மறுபடியும் நிறுத்தினார். எதிர் நாற்காலியில் வந்து உட்கார்ந்த வியாபாரி, காபி ஆறுவதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"டைரக்ட் பையருங்களா?"

"ஆமாங்க. ஊட்டுக்கே வந்து குடுத்துட்டுப் போனாருங்க."

"செரிங்க. நாளைக்கு வண்டி அனுப்புங்க, நூல் ஏத்தி உடறேன்."

அவர் போனதும் நான் அழுதேன். வருகிறவன் போகிறவனிடம் பீற்றிக்கொள்ள, நான் கொடுத்த வாக்குதானா கிடைத்தது?

அடுத்த கோடை கழிந்து பையர் வந்தார். அப்பா ஸ்க்ரூ டிரைவரை வைத்ததுமே கார்க் பொலபொலவென்று உதிர்ந்தது. அறை முழுக்கப் புளித்த நெடி. பையர் பாட்டிலை வாங்கி, வெளுத்துப்போன லேபிளைப் பார்த்தார். இந்தச் சிவப்புப் பொட்டு என்ன என்று என்னிடம் கேட்டார். இதற்காகத்தானே காத்திருந்தேன். பூஜை போட்டதை, நான் ஒளித்து வைத்ததை, நூல்காரர் பார்க்க வேண்டும் என்று அப்பா திரும்ப எடுத்து நிறுத்தியதை ஒன்று விடாமல் ஒப்பித்தேன்.

அவர் ஷோகேஸைப் பார்த்தார். எதிரே கிடந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் நிறைய ஊற்றி, முகம் சுளிக்காமல் முழுவதையும் குடித்தார். மிக நன்றாகப் பாதுகாத்திருக்கிறார் என்று உன் அப்பாவிடம் சொல் என்றார்.

பச்சைப் பொய். அதை மொழிபெயர்க்க மாட்டேன் என்று வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை, காலியான டம்ளரைப் பார்த்தே முகம் மலர்ந்துவிட்டது.

பையர் தன் பையிலிருந்து புதிய பாட்டில் ஒன்றை எடுத்தார். நான் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் என்னைத் தாண்டிப் போய், தானே ஷோகேஸைத் திறந்து, அதை நட்டமாக நிறுத்தி, லேபிள் நாற்காலியைப் பார்க்கும்படி திருப்பி வைத்தார். டியூப் லைட்டுக்கு நேர் கீழே.

விடைபெறும்போது அவர் நீட்டிய கையை நான் தொடவே இல்லை. ஒயின் வைக்கத் தெரியாத இவரா எனக்குச் சொல்லிக் கொடுத்தார் என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மாடியில் அப்பா, யாரோ நிறுத்தி வைத்த துணி ரோலைப் படுக்கப் போடச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். அந்தத் துணிக்கு நூல் எதைப் பார்த்து வந்தது என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.