எங்கள் நாய்க்குச் சாட்சி சொன்னவர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஐப்பசி மாதம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் நான், கணவர், ஒரு லாப்ரடார் நாய், அவ்வளவுதான். நாய் உண்மையில் எங்கள் மகளுடையது. பெங்களூரில் வேலை கிடைத்ததும், "கொஞ்ச நாளைக்குப் பாத்துக்கோங்கம்மா" என்று விட்டுவிட்டுப் போனாள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. பெயர் லட்டு. பெயருக்கேற்ற உடம்பு.

அந்தச் சமயம் லட்டுவுக்குக் காதில் ஒரு கட்டி வந்து, கால்நடை மருத்துவரிடம் நடையாய் நடந்தோம். பில்லைப் பார்த்த கணவர், "எனக்கே இம்புட்டுச் செலவு செஞ்சதில்ல" என்றார். மகளிடம் சொன்னேன். நாய்க்கும் இன்சூரன்ஸ் இருக்கிறது என்று மூன்று கம்பெனிகளின் விவரங்களை அனுப்பிவிட்டாள்.

மனிதருக்கே பாலிசியைப் படித்துப் பார்த்து எடுக்காத வீடு எங்களுடையது. ஆனாலும் மதியச் சாப்பாடு முடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றில் பிரீமியம் குறைவு. ஆனால் விபத்துக்கும் இறப்புக்கும் மட்டும்தான் பணம். இன்னொன்றில் நோய், ஆபரேஷன் எல்லாம் உண்டு. ஆனால் முதல் மாதம் எதுவும் கேட்கக் கூடாது, பில்லில் ஒரு பங்கை நாமே கட்ட வேண்டும். ஏற்கெனவே வந்த காதுக் கட்டிக்கு எவரும் தரமாட்டார்கள். மூன்றாவது கம்பெனி கொஞ்சம் விலை கூட. அதில் மட்டும் ஒரு விஷயம் இருந்தது. நாய் பிறரைக் கடித்தாலோ மோதிக் காயப்படுத்தினாலோ, அவர்களுடைய சிகிச்சைச் செலவும் வேலை இழப்புக்கான பணமும் கிடைக்கும்.

"இவன் யாரைக் கடிக்கப் போறான்? திருடன் வந்தாலும் வாலாட்டிக்கிட்டே வழி காட்டுவான்" என்றார் கணவர்.

மகள் விடவில்லை. "அவனுக்கு ஏதாவது ஆச்சுன்னா நாம பாத்துக்கலாம்மா. அவனால இன்னொருத்தருக்கு ஆச்சுன்னா?" அந்தக் கேள்விக்காகவே மூன்றாவதை எடுத்தேன்.

பாலிசி எடுத்த மறு மாதம், ஒரு காலையில் நானும் கணவரும் லட்டுவோடு ஆற்றங்கரைப் பக்கம் நடந்துகொண்டிருந்தோம். மழை விட்டு, சாலையில் மணல் படிந்து கிடந்தது. எதிர்ப்பக்க வயலில் கொக்குகளைப் பார்த்த லட்டு ஒரு இழுப்பு இழுத்தான். கழுத்துப் பட்டையின் கொக்கி விட்டுவிட்டது. வளைவில் திரும்பி ஓடி மறைந்தவன் பின்னால் நானும் ஓடினேன். அதற்குள் 'தடால்' என்று சத்தம்.

போய்ப் பார்த்தால் ஒரு மொபெட் சாய்ந்து கிடக்கிறது. பக்கத்தில் நாற்பது வயதிருக்கும் ஒரு பாய் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லட்டு அவர் முன்னால் நின்று வாலாட்டுகிறான்.

"யக்கா, மொதல்ல இத அங்கிட்டு இழுங்க! கிட்ட வருது, கிட்ட வருது!" என்று அலறினார். வலியைவிட நாய்தான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

லட்டுவைக் கணவரிடம் விட்டுவிட்டு, ஆட்டோ பிடித்து அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டு, ஒன்றரை மாதம் அந்தக் கையால் எதையும் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். அப்போதுதான் தெரிந்தது, அவர் மேலப்பாளையத்தில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கும் பிரியாணி மாஸ்டர். கல்யாணங்கள் வரிசையாக நிற்கிற நேரம். கரண்டி பிடிக்கிற கையே போய்விட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆஸ்பத்திரிச் செலவை நாங்கள் கட்டினோம். வருமான இழப்புக்குத்தான் பாலிசி இருக்கிறதே என்று, 'நாய் மோதியதில் கீழே விழுந்தார்' என்று கம்பெனிக்கு எழுதினேன். அப்படித்தான் நடந்தது என்று நம்பினேன்.

இதற்குள் எங்கள் தெருவில் பேச்சு கிளம்பிவிட்டது. "இன்னைக்கு ஒரு பெரிய ஆளையே விழத் தட்டியிருக்கு. நாளைக்கு நம்ம பிள்ளைகளத் தட்டுனா என்ன செய்ய?" என்று அக்கம்பக்கத்தார் சேர்ந்து வந்து கேட்டார்கள். தப்புச் சொல்ல முடியவில்லை. நாங்குநேரிப் பக்கம் தெரிந்தவர் ஒருவர் தோட்டத்தில் லட்டுவை விட்டுவிடுவது என்று முடிவுசெய்தோம். போனில் மகள் அழுத அழுகையை இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.

கம்பெனியிலிருந்து விசாரிக்க ஒருவர் வந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு நாங்கள் இருவரும் மாஸ்டர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்தார். விசாரிக்க வந்தவர் பேனாவைத் திறந்து, நாய் எந்தப் பக்கமாக வந்து மோதியது என்று கேட்டார்.

"மோதலியே சார்" என்றார் மாஸ்டர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது பாட்டுக்கு ரோட்டத் தாண்டி வயலுக்குப் போயிட்டு. நான்தான் மச்சான்ட்ட போன் பேசிக்கிட்டே ஒத்தக் கையில வண்டி ஓட்டிட்டு வந்தேன். நாயப் பாத்ததும் பதறிப்போயி பிரேக்கப் பிடிச்சேன். மணல்ல வண்டி சறுக்கிட்டு. நான் விழுந்த பொறவுதான் அது திரும்பி வந்து பாத்துது. என்னைத் தொடவே இல்ல."

வந்தவர் பேனாவை மூடினார். "பாய், நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடிச்சாலோ மோதுனாலோதான் பணம். இத அப்படியே எழுதுனா உங்களுக்கு ஒண்ணும் வராது."

"ரெண்டு கல்யாணம் வேற ஆள் கைக்குப் போயிட்டு" என்று கதவோரம் நின்ற மனைவி மெதுவாகச் சொன்னார்.

மாஸ்டர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "யோசிச்சுத்தான் சார் சொல்லுதேன். எனக்கு நாயே ஆவாது, சின்ன வயசுலேருந்தே பயம். ஆனா அதுக்கு வாய் கெடையாதுல்லா? நான் இடிக்கலன்னு அது வந்து சொல்லவா போவுது? அது மேல பழியப் போட்டு வாங்குத காசு எனக்கு ஹராம்."

எதற்கும் கேலி பேசும் என் கணவர் எழுந்துபோய் அவருடைய இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "அதுக்காக உங்கள விட்டுட்டேன்னு நெனைக்காதீங்கக்கா. இம்மாம் பெரிய நாயக் கூட்டிட்டு வரும்போது கொக்கியப் பாத்து மாட்டணுமா வேண்டாமா? ஆஸ்பத்திரிச் செலவு ஒங்க கணக்கு. வேல போனது என் போன் பேச்சுக்கு."

அதற்குமேல் நாங்கள் எவ்வளவோ வற்புறுத்தியும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. கம்பெனியும் பணம் கிடையாது என்று கடிதம் அனுப்பிவிட்டது.

அன்று மாஸ்டர் வீட்டிலிருந்து கிளம்பும்போது, நாயைத் தோட்டத்துக்கு அனுப்பப்போகிறோம் என்று கணவர் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். அந்த வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்த மதியம், எங்கள் தெருவில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. கட்டுப் போட்ட கையோடு மாஸ்டர் இறங்கினார். கேட்டுக்குள்ளிருந்து லட்டு ஒரு குரல் கொடுக்கவும் அப்படியே துள்ளி எதிர்வீட்டு வாசலுக்குப் போய்விட்டார். அங்கே நின்றபடியே அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னார்.

"விழுந்தவன் நான் சொல்லுதேன். நாய் மேல ஒரு குத்தமும் இல்ல. கொக்கிய மட்டும் நல்லதா வாங்கச் சொல்லுங்க. பாவம், அத எங்கயும் அனுப்பிராதீங்க."

பேசிமுடித்தவர் ஒரு டம்ளர் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு, வந்த ஆட்டோவிலேயே போய்விட்டார். விழுந்தவரே வந்து சொன்ன பிறகு தெருவில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நாங்களும் நாங்குநேரிக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டோம்.

கை சரியானதும் அவர் பழையபடி வேலைக்குப் போனார். அடுத்த வருடம் எங்கள் வீட்டு விசேஷத்துக்கும் அவர்தான் சமைத்தார். மசாலா சேர்ப்பதற்கு முன் வெந்த கறியில் கொஞ்சம் தனியாக எடுத்து ஆறவைத்து, "அந்தப் பயலுக்கு" என்று கணவரிடம் நீட்டினார். "நீங்களே வைங்க பாய்" என்றதற்கு, "அந்த வேலையெல்லாம் நம்மட்ட வேண்டாம் அண்ணாச்சி" என்று பின்வாங்கியவரைப் பார்த்து எல்லோரும் சிரித்தோம்.

நமக்கு வேண்டியவர்களுக்காக உண்மையைச் சொல்வதற்கே நாம் பல நேரம் தயங்குகிறோம். தான் கண்டு நடுங்கும் ஒரு ஜீவனுக்காக, கைக்கு வரும் பணத்தையும் விட்டுவிட்டு அவர் பேசினார். எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றித் தெரிந்ததும் தெரியாததுமாகக் குறை சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம், அந்த மத்தியான வெயிலில் எதிர்வீட்டு வாசலில் நின்று பேசிய அவர் முகம் மனதில் வந்து என்னை நிறுத்திவிடுகிறது.