கால் டம்ளர்

அன்றைக்கு எங்கள் வீட்டு முன்னறையில் ஐந்து பேர் இருந்தோம். என் மாமனார், என் வீட்டுக்காரர், மதுரையிலிருந்து வந்த புரோக்கர், அவர் கூட்டிவந்த வெள்ளைக்கார அம்மா, அப்புறம் நான். பிள்ளைகளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தேன். அந்தக் கோலத்தை அதுகள் பார்க்கக் கூடாது என்று.

தொண்ணூறுகளின் ஆரம்பம் அது. அருப்புக்கோட்டையில் எங்களுக்கு எட்டுத் தறி. அதில் ஐந்து சும்மா கிடந்தது. அந்த அம்மா துண்டு ஆர்டர் கொடுத்தால் எட்டும் தீபாவளி வரை ஓடும். கொடுக்காவிட்டால் எட்டையும் விற்பதாகப் பேச்சு. மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

காலையில் புரோக்கர் ஒரு பாட்டிலோடு வந்தார். “சாப்பாட்டுக்கு ஒயின் வைக்கணும் தங்கச்சி. அது அவுக மரியாதை. சூடாக விட்டுறாதீக.”

ஒயின் ஷாப் போர்டு போட்ட கடையில் பிராந்திதான் விற்கிறார்கள். அதனால் இதுவும் பிராந்தி என்றே நினைத்தேன். குடிப்பவன் என்று தெரிந்தால் தறியில் உட்காரவே விடாத மாமனார் வீட்டில் இதை எங்கே வைப்பது? தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈர மணலில் புதைத்து, மேலே சாக்கை மூடினேன். எட்டாவதோடு நின்றவள் நான். பாட்டிலில் எழுதியிருந்ததில் ஓர் எழுத்தும் புரியவில்லை.

மதியம் புரோக்கர் திருகாணி போன்ற ஒன்றை வைத்து மூடியைப் பிடுங்கிக் கொடுத்தார். அடுப்படியில் நான் எவர்சில்வர் டம்ளர்களில் விளிம்பு வரை ஊற்றினேன். மூன்று டம்ளர் நிறைந்தது. பாட்டில் காலி.

எட்டிப்பார்த்த புரோக்கர் தலையில் கைவைத்தார். “என்ன தங்கச்சி, மோர் ஊத்துற மாதிரி ஊத்திட்டீக? கால் டம்ளர்தான் ஊத்தணும்.”

“வந்தவுகளுக்குக் கால் டம்ளரா அண்ணே? கஞ்சத்தனமா நெனைக்க மாட்டாகளா?”

“நெறைய ஊத்தினாத்தான் நம்மளக் கேவலமா நெனைப்பாக.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐந்து டம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, மீதியைச் சொம்பில் விட்டேன்.

அந்த அம்மா டம்ளரைச் சுழற்றினார். பிறகு மூக்கை உள்ளே விட்டு மோந்து பார்த்தார். எங்கள் பக்கம் பரிமாறியதை மோந்து பார்த்தால், அது ஊசிப்போனது என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. வீட்டுக்காரர் முகம் வெளுத்துவிட்டது. ஆர்டர் போச்சு, மணலில் புதைத்துக் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். அந்த அம்மாவோ தலையாட்டிச் சிரித்தார். டம்ளரை உயர்த்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டம்மா எடுக்காம அவுக குடிக்க மாட்டாகளாம்” என்றார் புரோக்கர்.

நான் சுவரைப் பார்த்தேன்.

“எடும்மா. பானக்கம்னு நெனச்சுக்கோ” என்றார் மாமனார்.

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் வருமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை. உதட்டில் வைத்தேன். நாவற்பழம் தின்ற மாதிரி நாக்கு இழுத்தது. மாமனாரும் டம்ளரை எடுத்தார். எச்சில் படக் கூடாதே என்று, காப்பியைக் குடிப்பதுபோல் அண்ணாந்து உயரத்திலிருந்து ஊற்றினார். புரையேறி, பாதி வெள்ளைச் சட்டையில் கொட்டியது. பதறிப்போய்க் கையில் அகப்பட்ட துணியால் துடைத்தேன். துடைத்த பிறகுதான் பார்த்தேன், அது ஆர்டருக்காக வைத்திருந்த மாதிரித் துண்டு. அரக்குக் கரை போட்டது.

அந்த அம்மா எழுந்தார். அதை அலசிக் காட்டச் சொல்கிறார் என்றார் புரோக்கர்.

சாயத்துக்குப் புது ஆளை வைத்திருந்தோம், கூலி குறைவு என்று. தொட்டியடியில் சோப்புப் போட்டுக் கசக்கினேன். தண்ணீர் சிவந்தது. ஒயினா, சாயமா? இரண்டாம் தண்ணீரும் லேசாகச் சிவந்தது. மூன்றாவது தெளிவாக நின்றது. அந்த அம்மா தன் வெள்ளைக் கைக்குட்டையை ஈரக் கரைமேல் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். ஒட்டவில்லை. துண்டின் நடுவில் மட்டும் மங்கலாக ஒரு கறை. அந்தத் துண்டையே மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். அங்கேயே ஆர்டரில் கையெழுத்தும் போட்டார்.

கார் ஏறும்போது புரோக்கர் என் வீட்டுக்காரர் காதில் சொன்னார்: “பாட்டில் ஐநூத்தி நாப்பது அண்ணாச்சி.”

“அது அவுக கொண்டாந்ததில்லையா?”

“வீட்டுக்காரவுகதான் வாங்கி வைக்கணும். அதுதான மரியாதை.”

ஒரு மாதத்துக்கு வீட்டு அரிசி வாங்கலாம் அந்தக் காசில். இருந்த முந்நூறைக் கொடுத்தோம். பொங்கலுக்கு நூறு கொடுத்தோம். அதன்பிறகு புரோக்கர் மதுரையை விட்டே போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. எட்டுத் தறியும் ஓடின. வாசலில் வண்டி நின்றால் இன்றைக்கும் அவரோ என்று எட்டிப் பார்க்கிறேன். பாக்கி நூற்று நாற்பது ரூபாய்.