தவம் அண்ணையின் ஒரே பாட்டு

பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் ரயிலுக்காக நின்றபோது தவம் அண்ணையின் மனைவி மலர் அக்காவின் அழைப்பு வந்தது. "தம்பி, அண்ணை எங்களை விட்டிட்டுப் போட்டார்" என்றார். மருத்துவமனையில் அவரைக் கடைசியாகப் பார்த்த யாருக்கும் இது எதிர்பாராத செய்தி இல்லை. ஆனாலும் என் ரயில் வந்து, கதவு திறந்து மூடிப் போய்விட்டது. நான் ஏறவில்லை.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் தவராசா என்றால் பலருக்கு அவரைத் தெரியாது. 'மழை விட்டால் வாறேன்' பாட்டுக்காரர் என்றால் தெரியும். மனைவியை வன்னியில் விட்டுவிட்டு வந்து, அவரை இங்கே அழைக்க வதிவிடப் பத்திரம் கிடைக்காமல் அலைந்த காலத்தில் எழுதியது. வயல் வரம்பில் காத்து நில், மழை விட்டதும் வருகிறேன் என்று ஒருவன் தன் பெண்ணுக்குச் சொல்லும் நாட்டுப்புற மெட்டு. அக்கா வந்து சேர்ந்து பல காலத்துக்குப் பிறகே அதைப் பதிவு செய்தோம். கீபோர்ட் வாசித்தவன் நான். பத்துப் பாட்டாகச் சேர்த்து ஆல்பம் போடலாம் என்றேன். "எனக்குச் சொல்ல இருந்தது ஒண்டுதான் தம்பி. மற்ற ஒன்பதுக்கும் ஆரைத் தேடுறது?" என்றார்.

அந்த ஒற்றைப் பாட்டு லண்டன், டொரொன்டோ என்று ஓடி, யாழ்ப்பாணத்துப் பேருந்துகளில் ஏறி, லா சப்பலின் ரூ காய் தெருச் சேலைக்கடைகளுக்கே திரும்பி வந்தது. மணமக்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது அதைப் போடாத கலியாணம் அரிதாகிவிட்டது. அவர் மட்டும் வழக்கம்போல உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வன்னியிலிருந்து புதிதாக வந்த ஒருவர் வேலையிடத்தில் அதைப் போட்டுவிட்டு, "இதைப் பாடினவர் லண்டனிலை பெரிய ஆளாம் அண்ணை" என்றாராம். "ஓம், நானும் கேள்விப்பட்டனான்" என்று இவர் சட்டியைத் தேய்த்தாராம். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தச் சிரிப்பை நுரையீரல் நோய் நிறுத்தியது. ஒருநாள் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, என்ரை செத்த வீட்டிலை அந்தப் பாட்டைப் போட விடாதை. ஒருக்கா அங்கை போட்டால், பிறகு ஒருத்தரும் கலியாணத்திலை போடமாட்டினம். நான் போனாலும் அது ஓடவேணும்." நம்மவர்களை நன்றாகத் தெரிந்துதான் சொன்னார். சாவு வீட்டில் ஒலித்த பாட்டோடு மணமகளை அழைத்துவர யாருக்குத் துணிவு வரும்?

எரியூட்டும் நாளில் மலர் அக்கா அதையே கேட்டார். "கொண்டுபோகேக்கை அந்தப் பாட்டைப் போடுங்கோ தம்பி." அண்ணை சொன்னதைச் சொன்னேன். "அது எனக்கெல்லே எழுதினவர்" என்றார். பிறகு, "சரி, அவர் சொன்னபடி செய்யுங்கோ" என்றார். தேவாரம் மட்டும் பாடி அனுப்பினோம்.

ஒன்றை அண்ணையும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. கணவனை இழந்தவர் ஆண்டுத் திவசம் முடியும்வரை கலியாண வீட்டுக்குப் போகமாட்டார். அதன் பிறகும் எத்தனை பேர் மனதார அழைப்பார்கள்? அந்தப் பாட்டை இனி அக்கா எங்கே கேட்பது? மார்க்ஸ் டோர்மோய் பகுதியில் அவர்களுடைய வீட்டுக்குப் போயிருந்தேன். கைத்தொலைபேசியில் கேட்கலாமே என்று மகள் பிரெஞ்சில் சொன்னாள். "அதிலை சனம் இல்லையே பிள்ளை. சனம் சேர்ந்து பாடேக்கைதான் கொப்பர் வெக்கப்பட்டுச் சிரிப்பார்" என்றார் அக்கா. அந்த நிமிடம் எனக்கு அண்ணைமீதே கோபம் வந்தது. யாரிடம் போய்ச் சொல்வது?

அவரை அறிந்த உங்களில் சிலர் கவனித்திருப்பீர்கள். கலியாணங்களில் பாடக் கூப்பிட்டால், மைக்கைப் பிடித்ததும் அவர் மணமக்களைப் பார்க்கமாட்டார். அக்கா எந்தக் கதிரையில் இருக்கிறார் என்று தேடுவார். கண்ட பிறகுதான் எனக்குத் தலையசைப்பார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தத் தேடல்தான். போன சனிக்கிழமை ஒரு கலியாணத்தில் அதே பாட்டை வேறொருவர் பாட, நான் வாசித்தேன். தொடங்குமுன் முன்வரிசையிலிருந்து கடைசிக் கதிரைவரை பார்த்தேன். பாடகர் என்னைத் திரும்பிப் பார்த்தார். மணமக்கள் வாசலில் காத்து நின்றார்கள். அக்காவைக் காணாமலே தொடங்கினேன்.