ஒதுங்க ஓர் இடம்

"எனக்கு அமுக்கிட்டீங்களா?" கொழுந்துக் கூடை முதுகிலிருந்து இறங்குமுன்னே பூரணி கேட்டுவிடுவாள். கந்தப்பளைக் கடைக்காரர், ஆட்டோக்காரர், கோயில் ஐயர், யாராயிருந்தாலும் அவளுக்கு முதல் விசாரிப்பு இதுதான்.

எல்லாம் தேயிலைத் தோட்டத்துக் கம்பெனி கைபேசியில் வைத்த போட்டியால் வந்தது. தோட்டத்துக்கு என்ன தேவை என்று யாரும் யோசனை எழுதலாம். பிடித்தவர்கள் கட்டைவிரல் படத்தை அமுக்க வேண்டும். அதிகம் விழுந்ததைக் கம்பெனி செய்து தரும். பூரணி சுற்றி வளைக்காமல் எழுதினாள்: "கொழுந்து மலையில் பெண்களுக்குக் கக்கூஸ்." செடி மறைவை நம்பிப் பிழைக்கிறவள், வேலை நாளில் தேத்தண்ணிகூட அரைக் கோப்பைதான் குடிப்பாள்.

விழுந்தது ஒன்றே ஒன்று, அவளே அமுக்கியது. கொழுந்து மூட்டையை ட்ரோன் தூக்கிப் பறக்கும் யோசனைக்கோ மளமளவென்று விழுந்தது. அதை அமுக்கியவர்களில் அவள் புருஷன் கஜேந்திரனும் ஒருவன்.

"ட்ரோன் படம் நல்லா இருந்திச்சு புள்ள," என்றான் அப்பாவியாக.

அன்று அவனுக்கு ரொட்டி வந்தது, தொட்டுக்கொள்ளச் சம்பல் வரவில்லை.

கூட வேலை செய்யும் காளியாயிதான் குட்டை உடைத்தாள். "அமுக்குனா நம்ம பேரு கீழ விழுதுடி. கக்கூசுக்குக் கீழ எம்பேரா? மருமகன் பாப்பாரு."

அட, இதுதானா சங்கதி! பூரணி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு தலைப்பை மட்டும் மாற்றினாள்: "மலையில் ஒதுங்க ஓர் இடம்." மழைக்கும் ஒதுங்குவதுதான், மற்றதற்கும் ஒதுங்குவதுதான். கீழே விவரத்தில் கக்கூஸ், தண்ணீர் எல்லாம் அப்படியே இருந்தன. அதை யார் வாசிக்கிறார்கள்? ஆண்கள் மழையை நினைத்து அமுக்கினார்கள். பெண்களுக்கு விளங்க வேண்டியது விளங்கிற்று. காளியாயி மருமகனையே அமுக்க வைத்தாள். ட்ரோன் இரண்டாமிடத்துக்கு இறங்கியது.

போன கிழமை, மலை வேலையை மேற்பார்க்கும் தோட்டத்துக் கண்டாக்கையா இடம் பார்க்க வந்தார். "நாலு கம்பு, மேல தகரம். மழைக்கு அது போதும்," என்றார்.

பூரணி அவர் முன்னால் வந்து நின்றாள். ஜெயித்தும் வெறும் கொட்டகைதானா?

"மழைக்கு எங்ககிட்ட படங்கு இருக்குங்கையா," என்று இடுப்பில் கட்டியிருந்த தார்ப்பாயைத் தட்டிக் காட்டினாள். "கீழ எழுதுனதையும் கொஞ்சம் வாசிங்க."

அவர் கைபேசியை எடுத்து வாசித்தார். காது சிவந்தது. "அப்ப செவரும் வேணும்," என்றார் தரையைப் பார்த்து.

பூரணி கொழுந்து மட்டம் பார்க்கும் கம்பைக் கூடையிலிருந்து உருவினாள். நெஞ்சுக்கு நேரே குறுக்காகப் பிடித்து, உள்ளே நிற்கிறவள் தாழ்ப்பாள் போடுவதுபோல, மெல்ல ஒரு பக்கமாகத் தள்ளிக் காட்டினாள்.