‘இதர’ என்னும் கட்டம்

ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவில் அவருக்குப் பெயர் ‘பார்க்கலாம்’. டீ வேண்டுமா என்றாலும் அதுதான் பதில். தெளிவாக ஒன்றைச் சொல்லிவிட்டால் பிற்பாடு அதை வைத்தே கழுத்தைப் பிடிப்பார்கள் என்பது அன்னாரின் தத்துவம். கல்யாணத்துக்குச் சம்மதம் கேட்டபோதும் அப்படித்தான் சொன்னாராம். பெரியவர்கள் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டதில் ஒரு குடும்பம் உண்டாயிற்று.

இப்பேர்ப்பட்டவரிடம்தான், நோயாளிகளின் காகிதங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது, கட்டங்களுக்குத் தலைப்பு வைக்கும் பொறுப்பு வந்தது. யோசித்து யோசித்து வைத்தார்: ‘தேதி’, ‘நபர்’, ‘வகை’, ‘இதர’. எந்தத் தேதி, யார் அந்த நபர் என்று எவரும் அவரை மடக்க முடியாது. “சுருக்கமா இருக்கே!” என்று மேலதிகாரி மெச்சினார்.

பிறகு மனைவிக்குக் குடல்வால் வீங்கி அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவளுடைய கோப்பைத் திறந்தார். ‘வகை: பி’. பி வார்டா, பி ரத்தமா? அவளுக்கு ஓ அல்லவா! லிஃப்டுக்குக் காத்திராமல் படியேறி ஓடினார்.

“பதறாதீங்க சார்,” என்றாள் நர்ஸ். “ரத்தத்தை நாங்களே மறுபடி பரிசோதிச்சுடுவோம். உங்க கட்டத்தை நம்பி யாரு ஏத்துவா?”

அவமானம்தான். ஆனாலும் போன உயிர் திரும்பி வந்தது.

“ஒத்துக்காத மருந்து இருக்கான்னு மட்டும் கோப்புல பார்ப்போம். இவங்களுக்கு முதல் பக்கத்துல ஒண்ணுமே கண்ணுல படல. அதான் பென்சிலின் எடுத்து வெச்சிருக்கேன்.”

மனைவி வலி மருந்தின் அரை மயக்கத்தில் கிடந்தாள். ஊசி தட்டில் தயாராக இருந்தது. முன்பொரு முறை அதே மருந்தில் அவள் முகம் வீங்கி மூச்சுக்குத் தவித்தது கண்முன் வந்தது.

“போடாதீங்க!” என்று அலறினார்.

அவள் ஒற்றைக் கண்ணைத் திறந்தாள். “உங்களுக்கு இவ்வளவு சத்தம் வருமா?”

நர்ஸ் தேடிப் பார்த்தாள். ‘இதர’வில் இருந்தது: ஜன்னல் பக்கப் படுக்கை கேட்கிறார். போர்வை கனமாக வேண்டும். பென்சிலின் ஆகாது.

“இதரவை யாரு சார் திறப்பா?”

மாடி மாடியாகப் படுக்கைகள்; ஒவ்வொன்றுக்கும் ஓர் ‘இதர’. அவர் கீழே ஓடிவந்து ‘ஒத்துக்கொள்ளாத மருந்து’ என்று புதுக் கட்டம் போட்டார். அது எல்லாருக்கும் வெறுமையாக விழித்தது. வார்டுக்குப் போன் போட்டார்.

“எல்லாரோட ‘இதர’வையும் நான் படிச்சு முடிக்கிற வரைக்கும், நோயாளியையோ கூட இருக்கறவங்களையோ கேக்காம யாருக்கும் ஊசி போடாதீங்க.”

“யாரு சொன்னாங்கன்னு எழுதிக்கட்டும்?”

‘பார்க்கலாம்’ என்று நாக்கு நுனிவரை வந்ததை விழுங்கினார்.

“நான்தான்னு எழுதிக்கோங்க,” என்றவர், அடுத்த நோயாளியின் ‘இதர’வைத் திறந்தார்.