எல்லோருக்கும் போன செய்தி

ராஜாவின் மனைவி கோதையைப் பற்றி யாராவது தப்பாகப் பேசினால் எனக்குக் கோபம் வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கே அவள் மேல் கோபம் வந்தது, அது வேறு விஷயம். நான் முகமது இஸ்மாயில். மராத்தி பேசுகிற ஊரான சாகணில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் ராஜாவுக்கும் எனக்கும் ஒரே லைனில் வேலை. அந்த லைனில் தமிழ் தெரிந்தது எங்கள் இருவருக்கும்தான்.

கோதை மதுரைப் பக்கத்துப் பெண், அதே பக்கம் பாணேரில் ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸில் புரோகிராம் எழுதுகிறாள். எங்கள் கம்பெனி அவள் ஆபீஸுக்கு ஒரு வேலை கொடுத்தது: ஷிஃப்ட் ரத்தானால் தொழிலாளிகள் எல்லோருக்கும் போனில் செய்தி போக வேண்டும். எழுதினது அவள்தான். ராஜாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "இனிமே யாரும் சூப்பர்வைசருக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டாம். செய்தி வரலேன்னா ஷிஃப்ட் உண்டு. என் பொஞ்சாதி எழுதினது, நான் பொறுப்பு" என்று லைன் முழுக்க மராத்தியில் சொல்லிவைத்தான்.

ஞாயிறு ஓவர்டைம் ரத்தானது. யாருக்கும் செய்தி வரவில்லை. விடிந்ததும் எல்லோரும் வந்து பூட்டிய கேட் முன்னால் நின்றோம். ஒருத்தர் அக்கா மகள் நிச்சயதார்த்தத்தை விட்டுவிட்டு வந்திருந்தார். போனில் கேட்டதற்கு, "எல்லாருக்கும் போயாச்சுன்னு கம்ப்யூட்டர்ல காட்டுதே" என்றார் சூப்பர்வைசர். எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். அவன் கோதைக்குப் போன் போட்டு, அவர்களும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தான்.

"என் புரோகிராம் சரியாத்தாங்க இருக்கு. உங்க ஆளுங்களுக்கு முதல்ல போனைப் பாக்கத் தெரியுமா? நாலெழுத்துப் படிச்சிருந்தாத்தானே" என்றாள் தமிழில்.

எனக்குச் சுர்ரென்றது. ராஜா போனை அணைத்தான். அவன் முகம் சுண்டிப்போயிருந்தது. "என்ன சொல்றாங்க?" என்று மற்றவர்கள் கேட்டார்கள்.

"தப்பு அவளோடதுதானாம். எல்லார்கிட்டயும் மன்னிப்புக் கேக்கறா" என்று ராஜா மராத்தியில் சொன்னான்.

அன்று மத்தியானமே கோதை தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். பட்டியலில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஒரே வேலையைச் செய் என்று சொல்ல 'மேப்' என்று ஒன்று இருக்கிறதாம். அவள் எழுதின மொழியில் அது சரியான சோம்பேறி. செய்கிறேன் என்று ஒப்புக்கொள்ளும், விடையை யாராவது கேட்டால்தான் செய்யும். ஆபீஸில் சோதித்தபோது விடையைத் திரையில் காட்டச் சொன்னதால் செய்தி போயிருக்கிறது. கம்பெனியில் விடையை யாரும் கேட்கவில்லை. ஒன்றுகூடப் போகாமலே, முடிந்தது என்று காட்டிவிட்டது. புதிதாகச் சேருகிறவர்களிடம் ஜாக்கிரதை என்று அவளே சொல்லிக்கொடுக்கிற தப்பு! வெட்கத்தில் அன்று முழுக்க அவள் சாப்பிடவே இல்லை என்று ராஜா சொன்னான்.

திங்கட்கிழமை ஷிஃப்ட் விடுகிற நேரத்துக்குக் கம்பெனி கேட்டுக்கே வந்துவிட்டாள். ராஜா தடுத்தும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, தடுமாறுகிற மராத்தியில், "தப்பு என்னோடதுதான். மன்னிச்சுக்கங்க" என்றாள்.

நிச்சயதார்த்தத்தை விட்டவர் சிரித்தார். "எத்தனை தடவைம்மா கேப்பே? நேத்தே ஸ்பீக்கர் போன்ல கேட்டியே, ராஜா எங்களுக்கு மராத்தியில சொன்னானே."

கோதை திரும்பி ராஜாவைப் பார்த்தாள். அவன் டிபன் பையின் ஜிப்பை மூடிக்கொண்டிருந்தான். பிறகு அவள் என்னைப் பார்த்தாள்.

"அண்ணே, நேத்து நான் போன்ல பேசினப்ப நீங்களும் இங்கதான் இருந்தீங்களா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"இருந்தேம்மா" என்றேன்.

அவள் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டாள்.