தவணையும் துடக்கும்

கொழும்புத்துறையில், கடலேரிக் கரையிலுள்ள பிள்ளையார் கோயிலில் வெள்ளிதோறும் அவரைக் காண்பேன். மெலிந்த, உயர்ந்த பெண். கும்பிட்டு முடிந்ததும் கற்றூணில் கன்னத்தை வைத்துக் கண்மூடி நிற்பார். உறக்கமோ தியானமோ, நான் கேட்டதில்லை.

ஒரு வெள்ளி, ஈரத் தலையோடு கோயிலுக்கு வெளியே பூவரசு நிழலில் நின்றார். நான் திருநீற்றை நீட்ட, தீட்டுக்கு அஞ்சியவர்போலக் கையை இழுத்துக்கொண்டார்.

“எனக்குச் செத்தவீட்டுத் துடக்கு அக்கா. மாமனார் காலமை மோசம் போயிட்டார். அந்த வீட்டுக்காரர் சொல்லி அனுப்பேல்லை, சந்தையிலை கேள்விப்பட்டன்.”

“உங்களுக்கு டிவோர்ஸ் கிடைச்சிட்டுதெண்டல்லோ ஊரிலை கதைச்சவை?”

“தீர்ப்பு வந்திட்டுது. அவர் அப்பீல் செய்யிறதுக்கு வாற திங்கள் வரைக்கும் தவணை இருக்கு. அதுவரைக்கும் நான் அந்த வீட்டு மருமகள்தானே.”

அடுத்த வெள்ளி அவர் கழுத்தில் தாலிக்கொடி இல்லை. அப்பீல் வரவில்லையாம், எல்லாம் முடிந்துவிட்டதாம். ஆனாலும் பூவரசின் கீழேதான் நின்றார்.

“இனி உள்ளுக்கு வரலாம்தானே?” என்றேன்.

“மாமனார் செத்த அண்டைக்கு நான் மருமகள் அக்கா. முப்பத்தொண்டாம் நாள் முடிஞ்சு துடக்குக் கழியட்டும், வாறன்.”

உள்ளே பூசை மணி கேட்டது. அவர் பூவரசில் கன்னத்தை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.